எல்லை காட்டும் ஒளி



மனித மூளையில் வளரும் கட்டியை அறுத்தெடுக்க மருத்துவர்கள் துணிந்து 140 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. அன்று தொட்டு இன்று வரை அவர்களை விடாமல் வாட்டி வரும் கேள்வி ஒன்று உண்டு. கட்டி எங்கே முடிகிறது? நல்ல மூளை எங்கே தொடங்குகிறது? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் நோயாளியின் உயிரும், பேச்சும், கைகால்களின் அசைவும் இதற்குக் கிடைக்கும் விடையில்தான் அடங்கியிருக்கின்றன. இந்தக் கேள்விக்கு ஒளியின் துணையால் விடை தேடிய வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம். அந்த வரலாற்றில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த தமிழர் ஒருவருக்கும் சிறப்பான இடம் இருக்கிறது.

முதலில் மூளைக் கட்டியின் தன்மையைத் தெரிந்துகொள்வோம். மூளைக் கட்டிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து தோன்றும் கட்டிகள் உண்டு. இவை பெரும்பாலும் மூளையை ஒருபுறமாக அழுத்திக்கொண்டு தனியே நிற்கும். பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிரிப்பதுபோல இவற்றைப் பிரித்தெடுக்க வழியுண்டு. ஆனால் மூளையின் தாங்கு உயிரணுக்களிலிருந்து தோன்றும் கட்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. இவற்றை மருத்துவர்கள் கிளியோமா என்பார்கள். இவற்றுள் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. இது நல்ல மூளைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இழை இழையாக ஊடுருவிச் செல்லும்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு லாலாங் புல்லைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மேலே தெரியும் புல்லை வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனால், அடுத்த மழைக்கு அது மீண்டும் தலைதூக்கும். மண்ணுக்குள் ஓடியிருக்கும் கிழங்கு வேர்தான் அதற்குக் காரணம். கிளியோமாவும் இத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லாலாங்கை ஒழிக்க வேண்டுமானால் மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டலாம். மூளையைக் கொத்திப் புரட்ட முடியுமா? குடலில் கட்டி என்றால் இருபுறமும் சிறிது நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி எடுக்கிறார்கள். மூளையிலோ ஒரு விரல் நுனி அளவு கூடுதலாக எடுத்தாலும், அந்த இடம் பேச்சுக்கு உரியதாக இருந்தால் நோயாளி ஊமையாகிவிடக் கூடும். குறைவாக எடுத்தால் கட்டி திரும்பி வரும். மிகுதியாக எடுத்தால் மனிதன் தன் ஆற்றலை இழப்பான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய கோட்டைத்தான் மருத்துவர்கள் தேடி வந்திருக்கிறார்கள்.

1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், லண்டன் மாநகரில், ரிக்மன் காட்லீ என்னும் அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் மண்டையோட்டைத் திறந்து மூளைக்குள்ளிருந்த கட்டியை எடுத்தார். கட்டி இன்ன இடத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே கணித்துச் சொன்னவர் ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர். எக்ஸ்-கதிர்கூடக் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நோயாளியின் எந்தக் கை வலுவிழக்கிறது, எந்தப் பக்கத்தில் வலிப்பு தொடங்குகிறது என்பவற்றை மட்டும் கொண்டு அவர் இடத்தைக் கணித்தார். கணிப்பு பிழைக்கவில்லை. சொன்ன இடத்திலேயே கட்டி இருந்தது. ஆனால் அறுவைக்குப்பின் ஏற்பட்ட கிருமித் தொற்றினால் அந்த இளைஞர் நான்கு வாரங்களில் உயிரிழந்தார். ஆயினும் மூளையைத் திறக்கலாம், கட்டியைத் தேடிச் செல்லலாம் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது.

அதன்பின் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்பவர் இந்தத் துறையை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார். இரத்தப் போக்கைக் கட்டுப்படுத்த 1926இல் மின்கருவியைப் பயன்படுத்தினார். 1931இல் தம்முடைய 2,000ஆவது மூளைக் கட்டி நோயாளியைக் கணக்கில் சேர்த்தார். அவருடைய பொறுமையினால் அறுவை மேசையில் இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஊடுருவும் கட்டிகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன.

இதற்கு ஒரு முடிவு கட்ட எண்ணினார் வால்டர் டாண்டி. அவர் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பணியாற்றியவர். கட்டியினால் ஏற்கெனவே இடப்பக்கம் செயலிழந்துபோன நோயாளிகள் சிலருக்கு, வலப்பக்கத்து மூளை அரைக்கோளம் முழுவதையுமே அகற்றினார். 1928இல் அதை உலகுக்கு அறிவித்தார். பாதி மூளையை எடுத்த பிறகும் கட்டி திரும்பி வந்தது. கத்தியை எவ்வளவு அகலமாக ஓட்டினாலும் வெற்றியில்லை என்பதை அந்த அனுபவம் மருத்துவ உலகுக்கு உணர்த்திற்று. எல்லையைப் பார்க்கத் தெரியவேண்டும். பார்க்க முடியாததை எப்படிப் பார்ப்பது?

இந்த இடத்தில் நாம் வாழும் செந்தூலைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அமைந்த ரயில்வே பட்டறை நம்மவர் பலருக்குச் சோறு போட்டது. இன்று அங்கே பட்டறை வேலை நடைபெறுவதில்லை. கட்டடங்கள் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. ரயில்வே பட்டறைகளின் பெருங்கவலை இரும்பில் விழும் வெடிப்பு. சக்கர அச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும் ஓடும் ரயில் கவிழ்ந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மேனாட்டு ரயில்வே பட்டறைகளில் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். இரும்பை எண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணப்பொடியைப் பூசுவார்கள். வெடிப்புக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாகத் தெரியும். மறைந்திருந்த குறை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

மூளைக் கட்டிக்கும் இதே உத்தியைக் கையாள முடியுமா என்று எண்ணியவர் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மூர். புளோரசின் என்பது 1871இல் ஜெர்மானிய வேதியியலார் அடால்ப் பான் பேயர் உருவாக்கிய ஒரு சாயம். அதன்மீது தகுந்த ஒளியைப் பாய்ச்சினால் பசுமஞ்சள் நிறத்தில் ஒளிவிடும். மூரும் அவருடைய தோழர்களும் இந்தச் சாயத்தை நோயாளியின் இரத்த நாளத்தில் செலுத்தினர். மூளையைத் திறந்ததும் புற ஊதா ஒளியைக் காட்டினர். கட்டியிருந்த இடம் ஒளிர்ந்தது. 1948இல் இது வெளியாயிற்று. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே ஒளியைக் கொண்டு மூளைக் கட்டியை அடையாளம் காணும் முயற்சிக்கு இதுவே தொடக்கம் எனலாம்.

ஆனால் சாயத்திற்கு ஒரு குறை உண்டு. இரத்தத்தில் உள்ள பொருள்கள் எளிதில் மூளைக்குள் புகாதபடி இயற்கை ஒரு தடுப்பை அமைத்திருக்கிறது. கட்டி இருக்கும் இடத்தில் அந்தத் தடுப்பு பழுதடைவதால் சாயம் அங்கே கசிகிறது. ஆனால் கட்டியைச் சுற்றிய வீக்கத்திலும் அது கசிந்துவிடக் கூடும். கட்டியின் உயிரணு எது, வெறும் வீக்கம் எது என்று சாயம் பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே எல்லைக்கோடு இன்னும் மங்கலாகவே இருந்தது.

அடுத்து நுண்ணோக்கி வந்தது. 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தியோடர் குர்ஸ் என்பவர் நரம்பு அறுவைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். 1971 அக்டோபரில் லண்டனில் ஒரு நோயாளியின் மூளை கணினிவழி எக்ஸ்-கதிர்ப் படமாக முதன்முதலில் எடுக்கப்பட்டது. இதையே நாம் 'சி.டி. ஸ்கேன்' என்கிறோம். பின்னர் காந்த அலையால் படம் எடுக்கும் 'எம்.ஆர்.ஐ.' வந்தது. இனிக் கவலையில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மூளை மிக மென்மையானது. மண்டையோட்டைத் திறந்து, உள்ளிருக்கும் நீர் வடிந்து, கட்டியின் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டால் மூளை இடம் பெயர்ந்து சற்றே அமிழ்கிறது. முந்திய நாள் எடுத்த படத்தில் காணும் இடமும் கத்தியின் கீழ் இருக்கும் இடமும் ஒன்றாக இரா. வெள்ளத்திற்குப் பின் ஆற்றின் கரையைப் பழைய வரைபடத்தில் தேடுவது போன்றது இது. 1994இல் பாஸ்டன் நகரில் அறுவைக் கூடத்திலேயே காந்தப் படக் கருவியை நிறுவினார்கள். அது பயன் தருவதுதான். ஆனால் அதன் விலையும் இட வசதியும் எல்லாருக்கும் எட்டுவதல்ல. படம் எடுக்கும் போதெல்லாம் அறுவையையும் நிறுத்தி வைக்கவேண்டும்.

ஆகவே மருத்துவர்கள் மீண்டும் ஒளியை நாடினர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வால்டர் ஸ்டும்மர் என்னும் அறுவை மருத்துவர் ஒரு புதிய வழியைக் கண்டார். நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்னும் பொருளை உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்குரிய மூலப் பொருள்களுள் ஒன்று அமினோ லெவுலினிக் அமிலம். இதை நீரில் கரைத்து, மயக்க மருந்து கொடுப்பதற்கு ஏறத்தாழ 3 மணி நேரம் முன்பு நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கொடிய கட்டியின் உயிரணுக்களில் இது மாற்றமடைந்து போர்பிரின் என்னும் பொருளாகத் தேங்கிவிடுகிறது. நல்ல உயிரணுக்களில் அப்படித் தேங்குவதில்லை. அறுவைக் கூடத்தில் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, நுண்ணோக்கியின் வழியே ஊதா கலந்த நீல ஒளியைப் பாய்ச்சினால் நல்ல மூளை நீலமாகவே தெரியும். கட்டியோ கனன்ற தணல்போலச் செந்நிறமாக ஒளிவிடும். ஓரத்தில், கட்டியின் உயிரணுக்கள் கலந்திருக்கும் இடத்தில், இளஞ்சிவப்பு தெரியும்.

இந்த நுணுக்கத்தைப் பால்மரம் வெட்டியவர்கள் நன்கு உணர்வார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் தாய்மார்கள் மரத்துக்கு மரம் சென்றார்கள். பட்டையை மேலோட்டமாகச் சீவினால் மங்கில் பால் விழாது. பால் மிகுதியாக ஓடுவது மரத்தை ஒட்டிய உட்பட்டையில்தான். ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடிவிட்டால் கத்தி உயிர்த் தோலைத் தொட்டுவிடும். மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. எடுக்கவேண்டியதும் தொடக் கூடாததும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வேலை செய்வதற்கு நல்ல கையும் வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும். மூளை அறுவைக்கும் அதுவே பொருந்தும்.

ஸ்டும்மரின் முறை வெறும் காட்சியோடு நின்றுவிடவில்லை. ஜெர்மனியின் 17 மருத்துவ நிலையங்களில் 322 நோயாளிகளைக் கொண்டு ஆய்வு நடத்தப்பட்டது. 2006இல் முடிவு வெளிவந்தது. வெள்ளை ஒளியில் மட்டும் அறுவை செய்யப்பட்டவர்களில் 36 விழுக்காட்டினருக்கே படத்தில் தெரிந்த கட்டி முழுமையாக அகற்றப்பட்டிருந்தது. நீல ஒளியின் துணையோடு செய்யப்பட்டவர்களில் அது 65 விழுக்காடு. 6 மாதங்களுக்குப் பின்னும் நோய் வளராதிருந்தோர் முன்னதில் 21 விழுக்காடு, பின்னதில் 41 விழுக்காடு. ஆயினும் மொத்த ஆயுள் தெளிவாகக் கூடியதென்று அந்த ஆய்வு காட்டவில்லை. இதையும் நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒளி எல்லையைக் காட்டிற்று, நோயை ஒழித்துவிடவில்லை. இந்த மருந்துக்கு ஐரோப்பா 2007இலும் அமெரிக்கா 2017இலும் இசைவு அளித்தன.

மேலும், மெதுவாக வளரும் கட்டிகள் பலவற்றில் இந்தச் செந்நிற ஒளி தோன்றுவதில்லை. சாயமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், மூளையில் உள்ள பொருள்களே தம் பெயரைச் சொல்லும்படி செய்ய இயலுமா? இயலும். அதற்கு வேண்டிய விதை 1928இலேயே விதைக்கப்பட்டுவிட்டது. பால்டிமோரில் டாண்டி பாதி மூளையை அகற்றிய செய்தியை அறிவித்த அதே ஆண்டு, கல்கத்தாவில் நம்மவர் ஒருவர் ஒளியைப் பற்றி ஓர் உண்மையைக் கண்டார்.

அவர்தான் சர் சி.வி. இராமன். 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1907இல் அரசாங்க நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றவர். பகலில் அலுவலகம்; காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். இப்படியே பல ஆண்டுகள் உழைத்தார். மிருதங்கமும் வீணையும் எப்படி ஒலிக்கின்றன என்றுகூட ஆராய்ந்தார். 1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. கடல் நீலமாயிருப்பது வானத்தின் நிழலால்தான் என்று பெரிய அறிஞர்களே சொல்லியிருந்தனர். இராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. கையிலிருந்த சிறு கருவியைக் கொண்டு கப்பலிலேயே சோதித்து, நீர் தானே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று கண்டார்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி ஏழு ஆண்டுகள் தொடர்ந்தது. அவருடைய மாணவர்களில் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இருவரும் ஏறத்தாழ 60 திரவங்களை ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்தி, அவற்றின் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தனர். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் உண்மை உறுதியாயிற்று. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மீது பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் திரும்புகிறது. ஆனால் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் சிறிது மாறித் திரும்புகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறுகளைப் பொறுத்தது. சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? பானை தன் ஓசையால் தன் தன்மையைச் சொல்லிவிடுகிறது. இராமன் பொருள்களை ஒளியால் தட்டினார். அவை நிறத்தால் பதில் சொல்லின. இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். அறிவியலுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

ஒரு கோடியில் ஒரு பங்கு என்பது மிக மங்கலான ஒளி. அதைப் பதிவு செய்ய நெடுநேரம் காத்திருக்கவேண்டும். அறுவை மேசையில் அப்படிக் காத்திருக்க முடியுமா? ஆகவே இராமன் விளைவு பல்லாண்டுக் காலம் வேதியியல் கூடங்களிலேயே தங்கியிருந்தது. 1960இல் லேசர் என்னும் வலிய ஒளி பிறந்தது. நுட்பமான ஒளியுணர் கருவிகளும் கணினியும் பின்னால் வந்தன. அதன்பிறகே இராமன் கண்ட ஒளி மருத்துவமனைக்குள் நுழைந்தது.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் நரம்பியல் கழகம் ஒன்று உண்டு. 1934இல் அதை அமைத்தவர் வைல்டர் பென்ஃபீல்டு. அவரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மான்ட்ரியலிலிருந்து தமிழகத்திற்கு ஓர் அறிவு வந்தது. தமிழர் கண்ட அறிவு ஒன்று பின்னாளில் அதே மான்ட்ரியலுக்குப் போய்ச் சேர்ந்தது. 2015இல் அந்தக் கழகத்து அறுவை மருத்துவர் கெவின் பெட்ரெக்காவும் இயற்பியல் அறிஞர்களும் எழுதுகோல் போன்ற ஒரு கருவியைப் பற்றி அறிவித்தனர். அதன் முனையை மூளையில் வைத்தால் லேசர் ஒளி பாய்ந்து, திரும்பும் இராமன் ஒளியைக் கருவி படித்துவிடும். ஒரு வினாடிக்கும் குறைந்த நேரமே இதற்குத் தேவை. 17 நோயாளிகளிடம் சோதித்தபோது, கட்டியின் உயிரணுக்கள் உள்ள இடத்தை 93 விழுக்காடும், நல்ல இடத்தை 91 விழுக்காடும் சரியாகச் சொல்லிற்று.

கருவி எப்படி இதைச் சொல்கிறது? நல்ல மூளையின் வெண்பகுதியில் கொழுப்பு மிகுதி. நரம்பு இழைகளைச் சுற்றி மின்கம்பியின் உறைபோலக் கொழுப்பு உறை இருக்கிறது. கட்டியிலோ உயிரணுக்கள் நெருக்கியடித்து நிற்பதால் புரதமும் உட்கருவும் மிகுதி. கொழுப்பு ஒரு நிறத்தில் பதில் சொல்லும். புரதம் வேறு நிறத்தில் பதில் சொல்லும். இந்த வேறுபாட்டைக் கொண்டே படமும் எடுக்கலாம். 2008இல் ஹார்வர்டு அறிஞர்கள் இரண்டு லேசர்களைச் சேர்த்து இராமன் ஒளியைப் பல மடங்கு வலுவாக்கும் நுண்ணோக்கியை அமைத்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஓரிங்கர் என்னும் அறுவை மருத்துவர் அதை அறுவைக் கூடத்திற்குக் கொண்டுவந்தார்.

வழக்கமாக, எடுத்த திசுவை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்து விடை சொல்ல 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை திறந்த மூளையோடு நோயாளி காத்திருக்கவேண்டும். புதிய கருவியில் திசுவை அப்படியே வைத்தால் போதும். 2020இல் வெளியான ஆய்வில் 278 நோயாளிகளின் திசுக்கள் சோதிக்கப்பட்டன. கணினி இரண்டரை நிமிடத்திற்குள் விடை சொன்னது, 94.6 விழுக்காடு சரியாக இருந்தது. பழைய முறையில் தேர்ந்த மருத்துவர்கள் சொன்னது 93.9 விழுக்காடு சரி. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், அறுவைக்குப்பின் ஓரத்தில் கட்டி எஞ்சியிருக்கிறதா என்பதை 10 வினாடியில் கணினி மதிப்பிட்டது.

இதுவரை நம் கேள்வியின் முற்பாதியைப் பார்த்தோம். நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்னும் பிற்பாதி இன்னும் இருக்கிறது. பேச்சுக்குரிய இடம் எல்லாருக்கும் ஒரே புள்ளியில் அமைவதில்லை. ஆகவே பென்ஃபீல்டு தம் நோயாளிகளை விழித்திருக்கச் செய்தே அறுவை நடத்தினார். மூளைக்கு வலி உணர்வு இல்லை; மண்டைத் தோலை மரக்கச் செய்தால் போதும். மெல்லிய மின்னோட்டத்தால் ஓரிடத்தைத் தொடும்போது நோயாளியின் பேச்சு தடைபட்டால் அது பேச்சுக்குரிய இடம். அங்கே கத்தி செல்லாது.

1978இல் ஜார்ஜ் ஓஜமனும் ஹாரி விட்டேக்கரும் இருமொழி பேசும் நோயாளிகள் இருவரைப் பற்றி எழுதினர். சில இடங்கள் இரு மொழிக்கும் பொதுவாக இருந்தன. சில இடங்கள் ஒரு மொழிக்கே உரியனவாக இருந்தன. இது நாம் கவனிக்கவேண்டிய செய்தி. வீட்டில் தமிழ், கடையில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழ்பவர்கள் நாம். ஒரு மொழியை மட்டும் சோதித்துவிட்டு அறுவை செய்தால் மற்றொன்று பாதிக்கப்படக் கூடும். ஆகவே நோயாளி எந்தெந்த மொழி பேசுவார் என்று மருத்துவரிடம் குடும்பத்தார் தெளிவாகச் சொல்லவேண்டும். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் அதையும் தயங்காமல் சொல்லவேண்டும்.

இங்கும் ஒளி துணைக்கு வந்தது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே இரத்த ஓட்டம் மாறுகிறது; அதனால் அந்த இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவும் மிகச் சிறிதே மாறுகிறது. 1992இல் சியாட்டில் நகரில் ஓஜமனும் அவர் தோழர்களும், விழித்திருந்த நோயாளிகள் பேசும்போது மூளையின் மேற்பரப்பில் தோன்றிய இந்த மாற்றத்தைப் படமாக எடுத்துக் காட்டினர். மனிதன் பேசுகையில் எந்த இடம் உழைக்கிறது என்பது மூளையைத் தொடாமலேயே தெரிந்தது.

நம் மக்களிடையே இன்னும் ஓர் அச்சம் நிலவுகிறது. மூளையில் கத்தி வைத்தால் மனிதன் மனிதனாகத் திரும்பமாட்டான் என்று சொல்லிக் குடும்பத்தார் பின்வாங்குவதுண்டு. வலிப்பு வந்த பிள்ளையைக் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் சென்ற பெற்றோரையும் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. தெரியாததைக் கண்டு அஞ்சுவது இயல்பு. ஆனால் அறிந்துகொள்ள வாய்ப்பிருக்கும்போது அறியாமலிருப்பது முறையாகாது.

1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960களில் கோலாலம்பூரிலும் இந்தத் துறை வேரூன்றியது. அதன் முன்னோடிகளுள் டாக்டர் என். ஆறுமுகசாமி ஒருவர். செந்தூலில் இருப்பவர்களுக்கு ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை வெகு தொலைவில் இல்லை. தொலைவு சாலையில் இல்லை. நம் மனத்தில்தான் இருக்கிறது. தலைவலி எல்லாம் மூளைக் கட்டி அல்ல. மிகப் பெரும்பாலானவை சாதாரணத் தலைவலியே. ஆனால் நாளுக்கு நாள் மிகுந்து, காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, வயது வந்தவருக்கு முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். நாம் இன்று பேசிய கருவிகள் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. அவற்றின் விலை மிகுதி. ஆயினும் தேர்ந்த கையும், நுண்ணோக்கியும், நல்ல படமும் கொண்டு நாள்தோறும் பல உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

கிளியோபிளாஸ்டோமாவை முற்றாக வென்றுவிட்டோம் என்று இன்றும் யாரும் சொல்லவில்லை. அறுவைக்குப்பின் கதிர் மருத்துவமும் மருந்தும் தேவைப்படுகின்றன. பலருக்கு நோய் திரும்புகிறது. ஒளி செய்திருப்பது ஒரு பெரிய உதவி. இருட்டில் தடவிக்கொண்டிருந்த கைக்கு எல்லையை ஓரளவு காட்டியிருக்கிறது. நோயாளி தன் பிள்ளைகளோடு பேசிக்கொண்டு வாழும் நாள்கள் அதனால் கூடுமானால், அது சிறிய காரியமன்று.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று இராமன் கேட்டபோது, மூளைக் கட்டியை அவர் நினைத்திருக்கமாட்டார். 1970இல் அவர் மறைந்தார். அவர் கண்ட ஒளி அறுவைக் கூடத்தில் நோயாளிக்கு உதவுவதைக் காண அவர் இல்லை. ஓர் உண்மை எப்போது, யாருக்குப் பயன்படும் என்பதைக் கண்டவரே அறிவதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, பயனில்லாதது போலத் தோன்றும் ஒரு கேள்வியைக் கேட்டால், பெற்றோரும் ஆசிரியரும் அதை அடக்கிவிடாமல் இருப்போமாக. விடை தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.